வடிகால் யாருடைய சொத்து?

(சென்னைக்குத் தெற்கே, நேற்றுவரை கிராமமாயிருந்து இன்று நகரமாகிவிட்ட ஓர் ஊரில், மழைநீர் வடிகால் பராமரிப்புக்குப் பணம் வசூலிப்பது பற்றி யோசிப்பதற்காகக் கூடிய வீதிக்காரர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு.)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் மழைத் தண்ணீர் போகும் வடிகால். மேடை போட்டு, மாலை போட்டு, பேசுவதற்கு இது ஒரு விஷயமா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். மோட்சத்துக்கு வழி சொல்லுகிறவனைக் காலில் விழுந்து கும்பிடுகிற நாட்டில், மழைத் தண்ணீருக்கு வழி சொல்லுகிறவனை ஏற இறங்கத்தான் பார்ப்பார்கள். (சிரிப்பு) ஆனால் மோட்சத்துக்குப் போய்த் திரும்பி வந்து சாட்சி சொன்னவன் ஒருவனும் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் அடுப்பங்கரைக்குள் வந்து நிற்கிற தண்ணீருக்கோ இங்குள்ள அத்தனை தாய்மார்களும் சாட்சி.

எனக்கு முன் பேசிய இரண்டு தோழர்களும் இரண்டு அபிப்பிராயங்களைச் சொன்னார்கள். ஒருவர், “வீட்டு வரி கட்டுகிறோம், இனி ஒரு காசும் கொடுக்கக் கூடாது, சர்க்கார் வந்து செய்யட்டும்” என்றார். மற்றவர், “மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு மாதந்தான் இருக்கிறது, போன வருஷம் போலவே வீட்டுக்கு 200 ரூபாய் வசூலித்து இரண்டு ஆட்களை இறக்கி அள்ளிவிடுவோம்” என்றார். இரண்டு பேரும் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆயினும் இரண்டையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லுகிறேன். நான் சொல்லுவதும் உங்கள் கணக்குக்கு ஒத்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்து வராவிட்டால் இங்கேயே கொட்டிவிட்டுப் போங்கள்.

முதலில் மழை என்றால் எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இதற்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. பெருக்கல் வாய்ப்பாடு போதும். ஆயிரம் சதுர அடி மாடி வீடு என்பது 93 சதுர மீட்டர். ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு மாடியிலிருந்து மாத்திரம் 9,300 லிட்டர் கீழே வருகிறது. ஒரு வீதியில் 80 வீடு இருந்தால் ஏழு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் லிட்டர். தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 62 லாரித் தண்ணீர். சிமெண்டு போட்ட வாசலும், தார் போட்ட வீதியும் இந்தக் கணக்கில் சேரவில்லை. மழை இதற்கு மேலும் பெய்யும். 2021 நவம்பர் 7-ந் தேதி காலையில் அளந்தபோது நுங்கம்பாக்கத்தில் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர். 2015 டிசம்பர் 1-ந் தேதி மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அன்று என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் மொட்டை மாடியில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள்.

வீதி மண்ணாயிருந்த காலத்தில் இதில் பாதிக்கு மேல் பூமி குடித்தது. மீதி ஓடைக்கும் ஏரிக்கும் போயிற்று. இன்று பூமியின் வாயைச் சிமெண்டு போட்டு அடைத்துவிட்டோம். ஆகவே அந்தத் தண்ணீர் முழுவதும் வீதி ஓரத்துப் பெட்டி வடிகாலில்தான் போக வேண்டும். அது மூன்றடி ஆழம் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். போன மாதம் நானும் இரண்டு தோழர்களும் கல்லைத் தள்ளி மூங்கில் கழியை விட்டுப் பார்த்தோம். கழி ஓரடியிலேயே நின்றுவிட்டது. இரண்டடி வண்டல்! கட்டினதில் மூன்றில் இரண்டு பங்கு இல்லாமற் போய்விட்டது. யாரும் திருடவில்லை. வீதி மண்ணும், வீடு கட்டுகிறவன் கொட்டின ஜல்லியும், நாம் போட்ட பிளாஸ்டிக் பையுமே அதைத் தின்றுவிட்டன.

இங்கேதான் நம்முடைய பழைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் கட்டுவதற்குப் பெருமை உண்டு; காப்பதற்குப் பெருமை கிடையாது. அடிக்கல் நாட்டினால் கல்வெட்டில் பெயர். திறந்து வைத்தால் பத்திரிகையில் படம். வடிகாலில் வருஷா வருஷம் வண்டல் அள்ளினவனுக்கு எங்கேயாவது கல்வெட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கடன் கொடுக்கிறவர்களும் அப்படியே. சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் வெள்ளத் தடுப்பு வேலைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. கட்டுவது அவசியம், கடனும் தவறில்லை. ஆனால் வருஷா வருஷம் தூர் எடுக்க எந்த வங்கிக்காரன் கடன் கொடுப்பான்? அந்தப் பணம் அந்தந்த ஊரிலிருந்து, அந்தந்த வருஷம் வந்தாக வேண்டும். அது வராவிட்டால் கட்டினது மண்ணுக்குள் போகும். கடன் மாத்திரம் நம் தலைமேல் நிற்கும்.

“வரி கட்டுகிறோமே” என்று தோழர் சொன்னார். நியாயந்தான். ஆனால் வரியின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். சென்னை நகரில் 1998-இல் சொத்துவரியைப் பொதுவாகத் திருத்தினார்கள். பிறகு 2018-இல் உயர்த்தினார்கள், கூச்சல் போட்டோம், 2019-இல் அதை நிறுத்திவைத்தார்கள். 2022-இல்தான் மறுபடி உயர்ந்தது. கணக்குப் போட்டால் 24 வருஷம். இந்த 24 வருஷத்தில் அரிசி விலை ஏறவில்லையா? கூலி ஏறவில்லையா? நம் வீட்டு வாடகையை நாம் ஏற்றாமல் இருந்தோமா? நகரமும் சும்மா இருக்கவில்லை. 174 சதுர கிலோமீட்டராயிருந்த மாநகராட்சி 2011-இல் 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. ஓட்டுக்குப் பயந்து வரியை ஏற்றாதவர்கள் ஒரு பக்கம். வரி ஏறக் கூடாது, ஆனால் வீட்டில் தண்ணீரும் ஏறக் கூடாது என்று கேட்கிற நாம் ஒரு பக்கம். தண்ணீருக்கு இந்த ராஜி தெரியாது.

அதற்காக நிர்வாகத்தை நான் தப்பவிடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் கட்டுகிற வரி முழுவதும் ஒரே பானையில் விழுகிறது. சம்பளம், விளக்கு, குப்பை எல்லாம் அதிலிருந்துதான். பானையின் அடியில் ஏதாவது மிஞ்சினால் வடிகாலுக்கு. மிஞ்சுமா? அப்படியே மிஞ்சினாலும், ஆடியில் எடுக்க வேண்டிய வண்டலை ஐப்பசியில் இரண்டு மழை பெய்த பிறகு எடுக்கிறார்கள். எடுத்த சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் பில் எழுதுகிறார்கள். அடுத்த மழையில் சேறு மறுபடி பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடுத்த வருஷம் அதே சேற்றுக்கு இன்னொரு பில். மறுபிறவி உண்டு என்பதற்கு நான் கண்ட ஒரே அத்தாட்சி இந்தச் சேறுதான். (சிரிப்பு)

ஆகையால் வடிகாலுக்கென்று தனிக் கணக்கு, தனிப் பணம், தனி மாதம் வேண்டும் என்கிறேன். இது புதிய யோசனையல்ல. அமெரிக்காவில் பெல்வியூ என்ற ஊரில் 1974-இலேயே மழைத் தண்ணீருக்கென்று தனி நிர்வாகமும் தனிக் கட்டணமும் ஏற்படுத்தினார்கள். ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து, உன் வீட்டுக் கழிவுத் தண்ணீருக்கு ஒரு கட்டணம், உன் இடத்திலிருந்து வடிகாலில் விழுகிற மழைத் தண்ணீருக்கு வேறொரு கட்டணம் என்று பிரித்துவிட்டார்கள். இரண்டாவது கட்டணத்தை எப்படிப் போடுகிறார்கள்? தலையை எண்ணியல்ல, சாதி கேட்டல்ல. எத்தனை சதுர மீட்டர் மண்ணை மூடியிருக்கிறாய் என்று அளக்கிறார்கள். மூடினதற்குத் தக்கபடி பணம். மண்ணைத் திறந்து வைத்தவனுக்கு அந்தச் செலவு இல்லை.

அமெரிக்காவில் பிலடெல்பியா என்ற நகரத்தின் சங்கதி இன்னும் ருசியானது. அங்கே முன்பெல்லாம் குடிதண்ணீர் மீட்டரைப் பார்த்து வடிகால் கட்டணம் போட்டு வந்தார்கள். அதனால் ஏராளமான தரையைத் தாரால் மூடி, வண்டி நிறுத்தும் மைதானமாக்கி வைத்திருந்தவன், குழாய் இல்லை, மீட்டர் இல்லை என்பதால் ஒரு காசும் கட்டவில்லை. சின்ன வீட்டில் ஆறு பேராய்க் குடியிருந்து குளித்துக் குடித்தவன் அவனுடைய தண்ணீருக்கும் சேர்த்துக் கட்டினான். 2010-இல் இதை மாற்றிப் பெரிய கட்டடங்களுக்கும் மைதானங்களுக்கும் மூடின இடத்தை அளந்து கட்டணம் போட ஆரம்பித்தார்கள். கூச்சல் போட்டது யார் என்று உங்களுக்கே தெரியும்.

இப்பொழுது நம் வீதிக்கு வாருங்கள். போன வருஷம் நாம் என்ன செய்தோம்? வீட்டுக்கு 200 ரூபாய். இருநூறு சதுர அடிக் கூரை வீட்டில் இருக்கிற, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளிடமும் 200. இருபதாயிரம் சதுர அடியைத் தளம் போட்டு மூடி வைத்திருக்கிற கலியாண மண்டபத்துக்காரரிடமும் அதே 200. இதைச் சமத்துவம் என்று நம்மில் சிலர் சொன்னோம். மலையும் மடுவும் ஒரே நிறை என்றால் தராசில் கோளாறு இருக்கிறதென்று அர்த்தம்.

அதற்குப் பதிலாக ஒரு கணக்குச் சொல்லுகிறேன். தொகையை நீங்கள் கூட்டலாம், குறைக்கலாம். மூடின இடத்தில் முதல் 300 சதுர அடிக்கு ஒன்றும் வேண்டாம். அதற்கு மேல் ஒவ்வொரு 100 சதுர அடிக்கும் வருஷத்துக்கு 30 ரூபாய். பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கு ஒன்றுமில்லை. ஆயிரம் சதுர அடிக்காரருக்கு 210 ரூபாய். போன வருஷத்தைவிடப் பத்து ரூபாய் அதிகம். கலியாண மண்டபத்துக்கு 5,910 ரூபாய். மாடித் தண்ணீரைக் குழி வெட்டிப் பூமிக்குள் விடுகிறவருக்குப் பாதி தள்ளுபடி. மழைத் தண்ணீர்ச் சேகரிப்பு 2003-இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆயிற்று. பலர் வீட்டில் அந்தக் குழாய் இருக்கிறது, அதற்குக் கீழே குழி இருக்கிறதா என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். தள்ளுபடி கொடுக்கும்முன் போய்ப் பார்த்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, உறிஞ்சுகிறதா என்று சோதித்துத்தான் கொடுக்க வேண்டும்.

கோயிலைப் பற்றி ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கோயில், மசூதி, மாதாகோயில் ஆகிய வழிபாட்டு இடங்களுக்குச் சொத்துவரி விலக்கு இருப்பது உண்மை. ஆனால் இது வரியல்ல. மேலேயிருந்து விழுந்த தண்ணீரைக் கொண்டுபோய் விடுகிற கூலி. கோயில் பிராகாரத்தில் கல் பாவியிருக்கிறது. அந்தக் கல்லின் மேல் விழுகிற மழை தேவலோகத்துக்குத் திரும்பிப் போகிறதா? அதுவும் நம் வடிகாலில்தானே வந்து விழுகிறது? பின் கூலியில் மாத்திரம் பங்கு ஏன் இல்லை? உண்டியல் சாவி வைத்திருக்கிறவர்கள் யோசிக்கட்டும். மசூதிக்கும் மாதாகோயிலுக்கும் இதையேதான் சொல்லுகிறேன். நாளைக்கு நம் படிப்பகம் மாடி கட்டினால் அதற்கும் இதுதான்.

மழையையும் தெய்வத்தையும் சேர்த்துப் பேசுகிறதனால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2015-இல் வெள்ளத்தில் மிதந்த அதே சென்னை, நாலே வருஷத்தில், 2019-இல், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடத்தோடு நின்றது. அப்பொழுது அறநிலையத்துறையார் கோயில்களில் மழைக்காக யாகமும் வருண ஜபமும் செய்யும்படி சுற்றறிக்கை அனுப்பினார்கள். தண்ணீர் வந்தது ஜோலார்பேட்டையிலிருந்து, ரயிலில்! ஜூலை 12-ந் தேதி வந்த முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர். பெரிய தொகையாகத் தோன்றுகிறதல்லவா? இப்பொழுது வாய்ப்பாட்டை எடுங்கள். 10 சென்டிமீட்டர் மழையில் 25 லட்சம் லிட்டர் கிடைக்க எவ்வளவு இடம் வேண்டும்? 25,000 சதுர மீட்டர். அதாவது ஆறே கால் ஏக்கருக்குள். ஒரு பெரிய கல்லூரிக் கட்டடங்களின் கூரை அளவு. அந்த மழையைக் கார்த்திகையில் சேற்றோடும் சாக்கடையோடும் கலந்து கடலுக்கு விரட்டிவிட்டு, ஆனியில் ரயிலுக்குக் காத்திருந்தோம்.

“எங்கள் காலத்தில் குடிமராமத்து இருந்தது, ஊரே கூடி ஏரியைக் காப்பாற்றியது, அது போனதனால்தான் கேடு” என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். அதில் ஒரு பாதி உண்மை. எவ்வளவு நிலத்துக்கு ஏரித் தண்ணீர் பாய்கிறதோ அதற்குத் தக்கபடி அவரவர் பங்கு வேலை என்பது நல்ல கணக்கு. அவர்கள் எடுத்த தண்ணீரை அளந்தார்கள். நான் விடுகிற தண்ணீரை அளக்கச் சொல்லுகிறேன். இரண்டும் ஒரே தராசுதான். ஆனால் மறுபாதியையும் சொல்ல வேண்டும். எல்லாரும் சந்தோஷமாய் வந்து வெட்டினார்கள் என்றால், வெள்ளைக்காரன் 1858-இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய வேலைச் சட்டம் என்று ஒன்று போடுவானேன்? வழக்கப்படி செய்ய வேண்டிய வேலைக்கு வராதவனிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு வசூலிக்கச் சொல்லுவானேன்? அன்றியும், பங்கு நிலக்காரன் பேரில் இருந்தது. மண்வெட்டி யார் கையில் இருந்தது? பல ஊர்களில் மடை திறந்து மூடிய நீர்க்கட்டியும், கரையில் மண் சுமந்தவர்களும் ஒரு குழி நிலமும் இல்லாதவர்கள். அந்த ஏரியில் தண்ணீர் மொண்டு குடிக்கவும் உரிமையில்லாதவர்கள். 2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரையே மறுபடி எடுத்து, 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் என்று ஆரம்பித்தது. பெயர் திரும்பி வரட்டும், ஏரியும் ஆழமாகட்டும். பழைய மண்வெட்டி பழைய கைக்கே திரும்பிப் போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஏரியைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் தவறையும் மறைக்கக் கூடாது. தியாகராய நகர் என்பது நமக்குப் பிரியமான பெயர். நீதிக்கட்சித் தலைவர் பெயர். அதன் நடுவிலுள்ள பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். அந்த நகரம் 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் திட்டம் போட்டு எழுந்தது. எழுந்த இடம் மாம்பலத்து நீண்ட ஏரியின் நிலம். ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது என்பது சரி. ஆனால் 2021 நவம்பரில் அந்த வீதிகளில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றபோது, ஏரி தன் பழைய விலாசத்தைத் தேடி வந்ததாகவே எனக்குப் பட்டது. பெயர் நல்ல பெயர் என்பதற்காகத் தண்ணீர் விலகிப் போய்விடுவதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் புரட்டாசியில், நாம் வசூலித்த பணத்தில், இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். அவர்களைக் கூப்பிட்டது யார் என்று கேட்க வேண்டாம். நாம் எல்லாரும் சேர்ந்துதான் கூப்பிட்டோம். கையுறை இல்லை, காலில் ஒன்றும் இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. வீதி முனையில் மூடி போட்ட ஆழமான இடத்தில் சின்னவன் இறங்கினான். ஐந்து நிமிஷத்துக்குள் சத்தம் நின்றுவிட்டது. மற்றவன் வயிற்றின்மேல் படுத்து, தலையை உள்ளே விட்டு, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். நாலு பேர் சேர்ந்து மேலே போட்டோம். கால் மணி நேரம் கழித்துக் கண் விழித்தான். நான் அங்கே நின்றேன். நானும் 200 ரூபாய் கொடுத்தவன்தான். அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அவன் பெயர் என்னவென்று இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது.

மழைத் தண்ணீர் வடிகாலில் விஷக்காற்று எப்படி வந்தது? மழையிலிருந்து வரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கக்கூஸ் தொட்டியின் குழாயை வடிகாலில் சேர்த்துவிட்ட வீடுகளிலிருந்து வந்தது. அந்தக் கழிவு, காற்றுப் போகாத பெட்டிக்குள் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு என்கிற வாயு உண்டாகும். கொஞ்சமாயிருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கையே மரக்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நினைத்து மனிதன் உள்ளே போவான். குழாய் சேர்த்தவர்களைக் கைதூக்கச் சொல்லவில்லை. தூக்கினால் கூட்டம் முழுவதும் கையாகத் தெரியும். ஒரு மாதத் தவணைக்குள் அடைத்துவிடுங்கள் என்று மாத்திரம் கேட்டுக்கொள்ளுகிறேன்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் அதைவிடக் கடுமையானது வந்தது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் கழிவுநீர்க் குழாயிலோ மலத்தொட்டியிலோ ஆளை இறக்குவது, இறக்குகிறவன் தனி மனிதனாயிருந்தாலும், ஸ்தல ஸ்தாபனமாயிருந்தாலும், குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம்வரை ஜெயில், அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்துபோனவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023-இல் அதையே முப்பது லட்சமாக்கியது. “நம்முடையது மழைத் தண்ணீர் வடிகால்தானே” என்று வக்கீல் வாதம் பேச ஆசைப்படுகிறவர்கள், மலக்குழாயை அதில் சேர்த்த அன்றே அந்த வாதத்தை இழந்துவிட்டார்கள். சட்டம் இருக்கட்டும். உங்கள் பிள்ளையை அதற்குள் இறக்குவீர்களா? மாட்டீர்கள். வேலையில்லாத பட்டதாரி இந்த வீதியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒருவரையும் கேட்கத் தோன்றவில்லை. ஊரின் கிழக்குக் காலனிக்கு ஆள் அனுப்பத்தான் தோன்றிற்று. சாதியை விட்டுவிட்டோம் என்று சொல்லுகிறவர்களும் வடிகால் அடைத்துக்கொண்டால் சாதியைத் தேடிக்கொண்டு போகிறோம்.

ஆகவே இந்த வருஷம் ஒரு மனிதனும் உள்ளே இறங்கக் கூடாது. மேல்கல்லை இயந்திரத்தால் தூக்கி, சேறு உறிஞ்சும் லாரியை வைத்து எடுக்க வேண்டும். செலவு அதிகமாகும். இதுவரை மலிவாயிருந்ததற்குக் காரணம் ஓர் ஆள் உயிருக்கு நாம் விலை போடாததுதான். மூன்று இடத்தில் எழுத்து மூலம் விலை கேட்டு வாங்குங்கள். எடுத்த சேறு அன்றே லாரியில் ஊரைவிட்டுப் போனதா என்று பார்த்த பிறகே பணம். நூறடிக்கு ஒன்று வண்டல் பிடிக்கும் குழி வெட்டிவிட்டால் அடுத்த வருஷம் முழுவதையும் கிளற வேண்டியதில்லை. அந்தக் குழிகளை மாத்திரம் உறிஞ்சினால் போதும்.

வாங்குகிற ஒவ்வொரு ரூபாயும், கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் படிப்பகத்துச் சுவரில் மாதா மாதம் எழுதி ஒட்ட வேண்டும். கணக்குப் பார்ப்பவர் மூவரில் ஒருவர் பெண்ணாயிருக்கட்டும். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் வாரி இறைப்பது அவர்கள்தானே! அந்தக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு, 2022-இலிருந்து நகரங்களில் நடத்துகிற பகுதி சபைக்குப் போய், “நாங்கள் எங்கள் பங்கை வைத்துவிட்டோம், வடிகாலுக்கென்று உங்கள் தனிக் கணக்கைக் காட்டுங்கள், ஆடி மாதத்துக்குள் பெரிய கால்வாயைத் தூர் எடுத்தீர்களா?” என்று கேட்க வேண்டும். வெறுங்கையோடு கேட்கிறவனுக்கு வாக்குறுதிதான் கிடைக்கும். கணக்கோடு கேட்கிறவனுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம். வீதி முனைக் கல்வெர்ட்டுவரை சுத்தம் செய்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று போன வருஷம் நினைத்தோம். நம் வீதியில் தண்ணீர் நிற்கவில்லை. நம் 62 லாரித் தண்ணீரும் எங்கே போயிற்று? கிழக்குப் பள்ளத்துக் காலனிக்குப் போயிற்று. மூன்று நாள் அவர்கள் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தார்கள். மேட்டில் ஊரும் பள்ளத்தில் சேரியும் என்று வைத்தது தண்ணீரல்ல. தண்ணீர் நாம் காட்டின வழியில் போயிற்று. சென்னையிலும் இதுதான். ஆற்றோரம் இருந்தால் வெள்ளம் வரும் என்று ஏழைகளைக் கிளப்பிப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வைத்தார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். அங்கேயும் மழைக்காலத்தில் தண்ணீர் சூழ்கிறது. ஆதலால் நம் பணம் கல்வெர்ட்டோடு நிற்கக் கூடாது. காலனியைத் தாண்டி ஏரிக்குப் போகிற ஓடைவரை ஒரே வடிகால், ஒரே கணக்கு, ஒரே கமிட்டி. காலனித் தோழர்கள் அந்தக் கமிட்டியில் சேறு அள்ளுகிறவர்களாக அல்ல, கையெழுத்துப் போடுகிறவர்களாக உட்கார வேண்டும். அவர்களில் மூன்று பேர் இன்று பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள். நாற்காலி காலியாக இருக்கிறது. முன்னால் வந்து உட்காரும்படி தலைவர் அவர்களைச் சொல்லச் சொல்லுகிறேன்.

நேரமாகிவிட்டது. மேஜைமேல் நோட்டும் அளவு நாடாவும் இருக்கின்றன. நாளைக் காலை ஏழு மணிக்கு முதல் வீடாக என் வீட்டை அளக்க வாருங்கள். மூடின இடம் 1,100 சதுர அடி என்று நினைக்கிறேன். என் சம்சாரம் வாசலில் போட்ட சிமெண்டையும் சேர்த்தால் அதிகமாகவே இருக்கும். அடுத்தாற்போல் கலியாண மண்டபம். மண்டபத்துக்காரர் இங்கேயே இருக்கிறார். வரலாம் என்று தலையசைக்கிறார். (கைதட்டல்)